ஒரு தூண் இரண்டாகத் தெரிந்தது ஏன்? பனோரமா படத்துக்கு டிரைபாட் வாங்கும் முன்...

இந்தப் பொங்கலுக்கு மதுரை வீட்டில் அப்பாவுக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன். புதுக் கம்ப்யூட்டர் வந்த வீடுகளில் வழக்கமாக என்ன நடக்குமோ அதுவே எங்கள் வீட்டிலும் நடந்தது. போனில் இருந்ததும் கேமராவில் இருந்ததுமாக எல்லாப் போட்டோக்களையும் அதில் கொண்டுபோய்க் கொட்டினோம். குடும்பமே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தது.

அதில் ஒரு படத்தை நான் பெருமையாகத் திறந்து காட்டினேன். மேலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டின் முற்றம். சுற்றிலும் மரத்தூண்கள், மேலே நாட்டு ஓடு, ஒரு மூலையில் இப்போது யாரும் நெல் கொட்டாத குலுக்கை. பாகப்பிரிவினை முடிந்துவிட்டது. வைகாசியில் வீட்டை இடிப்பதாகப் பேச்சு. அதற்குள் முற்றத்தின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்தால் எப்படி இருக்குமோ, அதை அப்படியே 360 டிகிரியும் ஒரே படமாக எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். எடுத்தும்விட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மானிட்டருக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார். "ஏப்பு, வடக்குப் பக்கத்துத் தூணு ஒண்ணுதானே? இதுல ரெண்டா நிக்குதே?"

உண்மைதான். தூண் இரண்டாக இருந்தது. அதற்கு மேலே போகும் உத்திரம் நடுவில் ஒடிந்தது போல ஒரு படி இறங்கியிருந்தது. ஓட்டு வரிசை ஓரிடத்தில் வெட்டுப்பட்டு வேறிடத்தில் தொடங்கியது. சாப்ட்வேர் வேலை பார்க்கிறவன் என்ற நினைப்பில் முதலில் சாப்ட்வேர் மீதுதான் பழியைப் போட்டேன். அதே படங்களை மூன்று வெவ்வேறு புரோகிராம்களில் போட்டு ஒட்டிப் பார்த்தேன். மூன்றிலும் தூண் இரண்டுதான். தப்பு கம்ப்யூட்டரில் இல்லை. முற்றத்தில் நான் நிறுத்திய டிரைபாடில் இருந்தது.

அதன் பிறகு மூன்று மாதம் இந்த விஷயத்தைத் தோண்டித் துருவிப் பார்த்தேன். கொஞ்சம் பணத்தையும் வீணடித்தேன். உங்களுக்கு அந்தச் செலவு வரக்கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

பனோரமா என்பது என்ன?

ஒரு கேமராவின் பார்வைக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குள் அடங்காத அகலமான காட்சியை, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பல படங்களாக எடுக்கிறோம். ஒவ்வொரு படமும் பக்கத்துப் படத்தின் மீது மூன்றில் ஒரு பங்காவது ஏறியிருக்க வேண்டும். பிறகு கம்ப்யூட்டரில் உள்ள புரோகிராம், இரண்டு படங்களிலும் பொதுவாக உள்ள புள்ளிகளைத் தேடிக் கண்டுபிடித்து, ஒன்றின் மேல் ஒன்றைப் பொருத்தி, ஒட்டு தெரியாமல் ஒரே படமாக்கித் தரும். இதுதான் பனோரமா. உங்கள் செல்போனில் உள்ள 'பனோரமா' வசதியும் இதே வேலையைத்தான் போனுக்குள்ளேயே செய்கிறது.

'இதற்கு எதற்கு டிரைபாட், கையில் பிடித்தே எடுக்கலாமே' என்று கேட்பீர்கள். சில காட்சிகளுக்குக் கையே போதும். சில காட்சிகளுக்குச் சாதாரண டிரைபாட் கூடப் போதாது. எது எதற்கு என்பது தெரியாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் சொல்வதைத்தான் வாங்கி வருவோம்.

கட்டை விரல் சோதனை

ஒரு கையை நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்துங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விரலைத் தூரத்தில் உள்ள ஜன்னல் கம்பிக்கு நேராக வையுங்கள். இப்போது திறந்திருந்த கண்ணை மூடி மற்றக் கண்ணைத் திறங்கள். விரல் கம்பியை விட்டு நகர்ந்துவிட்டதா? விரலும் நகரவில்லை, கம்பியும் நகரவில்லை. பார்க்கும் இடம்தான் சில சென்டிமீட்டர் நகர்ந்தது. இதற்குப் பெயர் பேரலாக்ஸ். இரட்டைத் தூணுக்கு இதுதான் காரணம்.

டிரைபாடில் கேமராவைப் பொருத்தும் திருகு கேமரா உடலின் அடியில் இருக்கிறது. கேமராவைத் திருப்பினால் அது அந்தத் திருகைச் சுற்றித்தான் சுழலும். ஆனால் கேமரா உலகத்தைப் பார்க்கும் இடம் அதுவல்ல. அது லென்ஸுக்குள்ளே, திருகுக்குப் பல சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. லென்ஸை முன்பக்கமிருந்து பார்த்தால் உள்ளே ஒரு சிறு வட்டத் துவாரம் தெரிகிறதல்லவா, அது எந்த ஆழத்தில் இருப்பதாகத் தோன்றுகிறதோ, அந்த இடம். பலர் இதை 'நோடல் பாயின்ட்' என்று சொல்கிறார்கள். லென்ஸ் பாடப்படி அந்தப் பெயர் சரியில்லை. கடைகளில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டதால் நீங்களும் அப்படியே கேட்கலாம்.

என் முற்றத்துக் கணக்கைப் பாருங்கள். திருகுக்கும் அந்த இடத்துக்கும் 10 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். கேமராவை 30 டிகிரி திருப்பினால் பார்க்கும் இடம் சுமார் 5 செ.மீ. நகர்ந்துவிடும். தூண் என்னிடமிருந்து ஒன்றரை மீட்டரில் இருந்தது. அதன் பின்னால் உள்ள சுவர் 6 மீட்டரில். என் கேமரா 24 மெகாபிக்ஸல், லென்ஸ் 18 மி.மீ. இந்த 5 செ.மீ. நகர்வில் தூண் சுவரின் மீது 100 பிக்ஸலுக்கு மேல் இடம் மாறிவிடுகிறது. சுவரைப் பொருத்தினால் தூண் இரண்டாகும். தூணைப் பொருத்தினால் சுவர் உடையும். பாவம், புரோகிராம் என்ன செய்யும்?

போனில் இது இன்னும் மோசம். கையை நீட்டிப் போனைப் பிடித்துக்கொண்டு நாம் உடம்போடு சுற்றுகிறோம். கை 60 செ.மீ. நீளம் என்றால் அதே 30 டிகிரிக்கு லென்ஸ் 31 செ.மீ. நகர்கிறது. வீட்டுக்குள் போன் பனோரமா எடுத்தால் கதவு நிலை வளைந்து நெளிவது இதனால்தான். போனை ஒரே இடத்தில் நிறுத்தி, நாம் அதைச் சுற்றி நடந்தால் பாதிப் பிரச்சினை தீரும். செலவே இல்லை, செய்து பாருங்கள்.

யானைமலைக்கு மட்டும் எப்படிச் சரியாக வந்தது?

இங்கேதான் எனக்குக் குழப்பம். வீட்டுப் படம் சொதப்பிய அதே வாரம், அதே டிரைபாடை வைத்து ஒத்தக்கடைப் பக்கம் வயலில் நின்று யானைமலையை எடுத்திருந்தேன். அது அழகாக ஒட்டிக்கொண்டது. தும்பிக்கையிலிருந்து வால் வரை ஒரு பிசிறு இல்லை.

காரணம் எளியது. மலை சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. 50 மி.மீ. லென்ஸில், 12 டிகிரிக்கு ஒரு படம் வீதம் 7 படங்கள் எடுத்தேன். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே பார்க்கும் இடம் 2 செ.மீ. நகர்ந்திருக்கும். 2 கிலோமீட்டரில் அது ஒரு பிக்ஸலில் பாதி கூட இல்லை. படத்தில் மிகப் பக்கத்தில் இருந்தவை நூறு மீட்டரில் நின்ற பனைமரங்கள். அவற்றுக்குக்கூட இரண்டு மூன்று பிக்ஸல்தான்.

ஆகவே டிரைபாட் வாங்கும் முன் விலையையோ பிராண்டையோ பார்க்காதீர்கள். 'என் படத்தில் எனக்கு மிகப் பக்கத்தில் இருக்கப் போவது என்ன?' என்று மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாமே ஐம்பது, நூறு மீட்டருக்கு அப்பால் என்றால் உங்களுக்குத் தேவை நிலையான கால்களும் சமமான சுழற்சியும் மட்டுமே. தூண், மேஜை, நாற்காலி, மரக்கிளை என்று இரண்டு மூன்று மீட்டருக்குள் ஏதாவது இருந்தால் வேறு சாமான் வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

தூரத்து மலைகளை எடுப்பதைச் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம். மேலூர் வட்டத்தில் கிரானைட் குவாரிகளால் உருமாறிய குன்றுகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தது. ஊர்களெல்லாம் திரண்டு போராடிய பின் 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அந்த மலைகளை இன்று இருக்கும்படியே, ஒவ்வொரு பாறையும் தெரியும்படி, தேதியோடு ஒரு அகலப் படமாக எடுத்து வைத்தால் நாளைக்கு அது ஓர் ஆவணம். அதற்கு ஒரு சாதாரண டிரைபாட் போதும் என்பதுதான் நல்ல செய்தி.

வாழைப்பழ அடிவானம்

யானைமலைப் படத்திலும் முதல் முயற்சி கெட்டுப்போனதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அடிவானம் வாழைப்பழம் போல வளைந்து வந்தது.

இன்று கடைகளில் விற்கும் டிரைபாட் பலவற்றில் 'பால் ஹெட்' என்ற உருண்டைத் தலை இருக்கிறது. உருண்டையை இறுக்கிக் கேமராவை நேராக்கிவிடலாம். வேலை முடிந்தது என்று நினைப்போம். ஆனால் சுற்றும் தட்டு உருண்டைக்குக் கீழே இருக்கிறது. கால்கள் சாய்ந்திருந்தால் அந்தத் தட்டும் சாய்ந்திருக்கும். முதல் படத்தில் கேமரா நேராக இருக்கும். திருப்பத் திருப்பச் சாயும். 3 டிகிரி சாய்வுதான் என்று அலட்சியமாக இருந்தால், 18 மி.மீ. லென்ஸில் அடிவானம் 240 பிக்ஸல் வரை ஏறி இறங்கும். இதைச் சாப்ட்வேரில் நிமிர்த்தலாம். ஆனால் நிமிர்த்தியபின் மேலும் கீழும் வெட்ட வேண்டியிருக்கும். வெட்டும்போது மலையின் உச்சியே போய்விடக்கூடும்.

இதற்குத் தீர்வு மூன்று. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைத் தலைக்குக் கீழே உள்ள தட்டில் வைத்து, கால்களை ஏற்றி இறக்கிச் சமன் செய்யலாம். செலவு இல்லை, ஆனால் பொறுமை வேண்டும். இரண்டாவது, 'லெவலிங் பேஸ்' என்ற தட்டு. காலுக்கும் தலைக்கும் நடுவில் பொருத்திவிட்டால், கால் எப்படி நின்றாலும் அரை நிமிடத்தில் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். மூன்றாவது, உருண்டைக்கு மேலே பொருத்தும் 'பேனிங் கிளாம்ப்'. சுழற்சி அதற்கு மேலேதான் நடக்கும் என்பதால், உருண்டையால் சமன் செய்தாலே போதும். என்னைக் கேட்டால், முதன்முதலில் காசு செலவழிக்க வேண்டிய இடம் இரண்டாவது அல்லது மூன்றாவதுதான். நான் முதலில் செய்தது கார்பன் பைபர் கால் வாங்கியது. அது தேவையே இல்லை.

கால்களைப் பற்றிக் கொஞ்சம்

கார்பன் பைபர் கனம் குறைவு. மலை ஏறுகிறவர்களுக்கு அது வசதி. மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் பைக்கில் போய் இறங்கிப் படம் எடுக்கிற நமக்கு அலுமினியமே போதும். சொல்லப்போனால் கொஞ்சம் கனமாக இருப்பதே நல்லது. ஆடிக் காற்று வீசும்போது வயல்வெளியில் ஒரு கிலோ டிரைபாடை நிறுத்திப் பாருங்கள், புரியும். நடுத்தண்டில் கொக்கி உள்ள டிரைபாடாக வாங்குங்கள். அதில் கேமராப் பையைத் தரையில் லேசாகத் தொடும்படி தொங்கவிட்டால் கால்கள் ஊன்றி நிற்கும். முழுதாக அந்தரத்தில் தொங்கவிட்டால் பை ஊஞ்சலாடி இன்னும் ஆட்டிவிடும்.

நடுத்தண்டை உயர்த்தவே வேண்டாம். உயர்த்தினால் மூன்று கால் இருந்தும் ஒற்றைக்கால் ஸ்டாண்டுதான். அதை உயர்த்தாமலே கேமரா உங்கள் நெஞ்சு உயரத்துக்கு வருகிற டிரைபாடைத் தேர்ந்தெடுங்கள். கடையில் கால்களை முழுதாக நீட்டி நிறுத்தி, தலைத்தட்டைப் பிடித்து லேசாக முறுக்கிப் பாருங்கள். கால்கள் முறுக்கிக்கொடுத்தால் வாங்காதீர்கள். தலையைக் கழற்றி மாற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். விலை மலிவான டிரைபாட் பலவற்றில் தலையும் காலும் ஒன்றாகவே இருக்கும். அவற்றில் பின்னால் எதையும் சேர்க்க முடியாது. கழற்ற முடிகிறவற்றில் பெரும்பாலும் மூன்று நூல் திருகு இருக்கும், கேமராவுக்கு இரண்டு நூல்.

வயல் வரப்பில், அதிலும் தண்ணீர் பாய்ச்சிய பிறகு, கால் மெல்ல மெல்லப் புதைந்துகொண்டே இருக்கும். ஏழாவது படம் எடுக்கும்போது முதல் படத்தின் சமன் இருக்காது. மூன்று சிரட்டையைக் கவிழ்த்து அதன்மேல் நிறுத்தினேன், வழுக்கியது. மூன்று பலகைத் துண்டுகள் வைத்தேன், சரியாக நின்றது.

பக்கத்துப் பொருள்களுக்கு வேண்டிய சாமான்

இப்போது முற்றத்துக்கு வருவோம். தேவை ஒன்றுதான். லென்ஸுக்குள் உள்ள அந்த இடம், டிரைபாட் சுழலும் அச்சுக்கு நேர் மேலே வர வேண்டும். அதற்குக் கேமராவைப் பின்னால் தள்ள வேண்டும். இதற்காக விற்கும் சாமானுக்குப் 'பனோரமா ஹெட்' என்று பெயர். நோடல் நிஞ்சா, மேன்ப்ரோட்டோ போன்ற பெயர்களில் வந்தவை இந்த வகைதான்.

இதில் இரண்டு வகை உண்டு. மேலே வானம், கீழே தரை என்று பந்து போல முழுவதையும் எடுக்க, கேமராவை மேலும் கீழும் சாய்க்கும் கை உள்ள ஹெட் வேண்டும். விலை அதிகம். சுற்றிலும் ஒரு வரிசை மட்டும் போதும் என்றால் இரண்டே பாகம் போதும். ஒன்று, கேமராவைச் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளும் 'எல்' வடிவப் பிராக்கெட். மற்றது, முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய ஒரு சட்டம், அதாவது ரெயில். செங்குத்தாக வைப்பது ஏன்? 18 மி.மீ. லென்ஸில் அப்படி வைத்தால் உயரவாக்கில் 66 டிகிரி கிடைக்கிறது. அகலவாக்கில் 47 டிகிரி. 30 டிகிரிக்கு ஒன்று வீதம் 12 படங்களில் ஒரு சுற்று முடிந்துவிடும். சாதாரணத் தலையையே பக்கவாட்டில் மடக்கிச் செங்குத்தாக்கினால் என்ன என்று கேட்கலாம். அப்படித்தான் நான் பொங்கலுக்குச் செய்தேன். அப்போது லென்ஸ் அச்சை விட்டுப் பக்கவாட்டிலும் விலகிவிடும். ஒரு தப்புக்கு இரண்டு தப்பு.

புதியவர்களுக்கு ஒற்றை வரிசையே போதும் என்பது என் கருத்து. நான் அதைக்கூட விலைக்கு வாங்கவில்லை. மதுரையில் ஜன்னல் பிரேம் போடும் ஓர் அலுமினியப் பட்டறையில் கனமான ஆங்கிளையும் பட்டையையும் வெட்டி, நீளத் துளை போட்டு வாங்கிக்கொண்டேன். ஹார்ட்வேர் கடையில் இரண்டு நூல் போல்ட் என்று கேளுங்கள். 6 மி.மீ. போல்டைத் தூக்கிக் கொடுத்து 'ரெண்டும் ஒண்ணுதான்' என்பார்கள். ஒன்றல்ல. புரி வேறு. கேமராவின் புரியைத் தின்றுவிடும். இன்னொரு எச்சரிக்கை, கேமராவின் அடித்துளை சுமார் 5 மி.மீ. ஆழம்தான். நீளப் போல்டை முறுக்கிக்கொண்டே போனால் உள்ளே முட்டி உடைக்கும். வாஷர் போட்டு நீளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். கேமராவுக்கு ஒரு மீட்டர் முன்னால் நூலைத் தொங்கவிடுங்கள். அதற்கு நேர் பின்னால் தூரத்தில் ஒரு மின்கம்பம் தெரிய வேண்டும். கேமராவை வலப்பக்கம் திருப்புங்கள். நூல் கம்பத்தைவிட்டு இடப்பக்கம் நகர்ந்தால், லென்ஸ் இன்னும் அச்சுக்கு முன்னால் இருக்கிறது என்று பொருள். கேமராவைப் பின்னால் தள்ளுங்கள். நூல் வலப்பக்கம் நகர்ந்தால் முன்னால் தள்ளுங்கள். எப்படித் திருப்பினாலும் நூலும் கம்பமும் ஒட்டியே நிற்கும் இடம் ஒன்று வரும். அங்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஜூம் லென்ஸாக இருந்தால் அந்தக் கோடு அந்த ஒரு ஜூம் அளவுக்கு மட்டுமே பொருந்தும்.

சுற்றுவதா, நகர்வதா?

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பழைய ஆசாமியைத் தெரிந்துகொண்டேன். பெயர் லின்னேயஸ் டிரைப். சென்னை மாகாண அரசின் போட்டோகிராபர். 1858-ல் மதுரைக்கு வந்து மீனாட்சி கோயிலையும், அப்போது சிதைந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலையும் பெரிய பெட்டிக் கேமராவால் எடுத்தவர். அதே ஆண்டு தஞ்சைப் பெரிய கோயிலில் விமானத்தின் அடிப்பீடத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைப் படம் எடுத்தார். 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கம்ப்யூட்டர் இல்லை, கையால் ஒட்டிய பனோரமா!

அவர் ஓரிடத்தில் நின்று கேமராவைச் சுற்றவில்லை. சுவரை ஒட்டியே கேமராவை இடம் மாற்றி வைத்துக்கொண்டு போயிருக்கிறார். இதிலிருந்து நமக்கு ஒரு விஷயம் கிடைக்கிறது. சுவர், கல்வெட்டு, சுவரோவியம் போன்ற தட்டையானவற்றுக்குப் பனோரமா ஹெட் உதவாது. அங்கே டிரைபாடை ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில், சுவருக்கு இணையாக நகர்த்த வேண்டும். தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு அதன்மேல் கால்களை வைத்தால் போதும். இடமாக விரிந்த காட்சிக்குச் சுற்றல், தட்டையான காட்சிக்கு நகர்த்தல்.

டிரைபாடைத் தூக்கிக்கொண்டு நேரே மீனாட்சி கோயிலுக்குப் போய்விடாதீர்கள். 2018 பிப்ரவரி 2-ல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நடந்த பிறகு செல்போனுக்கே உள்ளே தடை வந்துவிட்டது. மகாலாக இருந்தாலும், சமணர்மலை போன்ற பாதுகாக்கப்பட்ட இடமாக இருந்தாலும், கையில் கேமரா வைத்திருப்பது வேறு, டிரைபாட் நிறுத்துவது வேறு. முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது முயற்சி

சித்திரைத் திருவிழா லீவில் மறுபடியும் ஊருக்குப் போனேன். முற்றத்தின் நடுவில் டிரைபாடை நிறுத்தி, ரசமட்டம் வைத்து, தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாகப்பிரிவினை நடந்த வீடு என்பதை மறந்துவிட்டேன். வாசலில் நாலு பேர் கூடிவிட்டார்கள். சித்தப்பா வேகமாக வந்து, "தம்பி, எல்லாந்தான் பேசி முடிச்சாச்சே, இப்ப யாரு சர்வேக்குச் சொன்னது?" என்றார். கேமராவின் ஸ்கிரீனைக் காட்டிப் புரியவைத்தபின் சிரித்துவிட்டார். பிறகு அவரே குலுக்கைக்கு முன்னால் கிடந்த சைக்கிளை எடுத்து ஓரமாக வைத்தார்.

கேமராவில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். எக்ஸ்போஷர், போகஸ், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு வெளிச்சத்தில் வந்து சுவர் பட்டை பட்டையாகத் தெரியும். அப்பர்சர் எப்/8 வையுங்கள். லென்ஸில் ஆட்டம் தடுக்கும் வசதி இருந்தால் டிரைபாடில் அதை அணைத்துவிடுங்கள். பட்டனை அழுத்தும் கை ஆட்டத்தைத் தவிர்க்க 2 செகண்ட் டைமர் போடுங்கள். முற்றத்தில் வெயில் இறங்காத காலை 7 மணிக்குள் முடித்துவிட்டேன். 12 படம், நாலு நிமிடம். சந்தேகத்துக்கு இன்னும் இரண்டு சுற்று எடுத்தேன்.

கம்ப்யூட்டரில் ஒட்டுவது

ஹகின் என்ற புரோகிராம் முற்றிலும் இலவசம். இன்டர்நெட்டிலிருந்து டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். திறந்தவுடன் அசிஸ்டென்ட் பகுதியில் மூன்று பட்டன்கள் இருக்கும். முதல் பட்டனில் படங்களைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவதில் கிளிக் செய்தால் பொதுப் புள்ளிகளைத் தேடிப் படங்களை வரிசைப்படுத்தும். மூன்றாவதில் கிளிக் செய்தால் ஒட்டிய படத்தை உருவாக்கும். புள்ளிகள் எவ்வளவு பொருந்தின என்பதைப் பிக்ஸல் கணக்கில் காட்டும். அது ஒன்றிரண்டு பிக்ஸலுக்குள் இருந்தால் நீங்கள் டிரைபாடைச் சரியாக நிறுத்தியிருக்கிறீர்கள்.

பைலின் அளவைக் கண்டு பயப்படாதீர்கள். என் முற்றம் ஏறத்தாழ 28,800 பிக்ஸல் அகலமும் 6,000 பிக்ஸல் உயரமுமாக வந்தது. 17 கோடிப் பிக்ஸல். சுருக்காத நிலையில் அது மட்டுமே 500 எம்பிக்கு மேல். வேலை நடக்கும்போது தற்காலிகப் பைல்கள் வேறு உருவாகும். 8 ஜிபி ரேமும், டிஸ்க்கில் 10 ஜிபி காலி இடமும் இருந்தால் தடையில்லாமல் முடியும். ரேம் 4 ஜிபிதான் என்றால், உருவாக்கும் முன் அகலத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். மானிட்டரில் பார்க்க அதுவே தாராளம். வேலை முடிந்ததும் ஒட்டிய படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலப் படங்களை அழித்துவிடாதீர்கள். நாளைக்கு இதைவிட நல்ல புரோகிராம் வரலாம். அந்த 12 படங்களையும் கம்ப்யூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன்.

வைகாசி கடைசியில் வீட்டை இடித்தார்கள். உத்திரங்களையும் நிலைகளையும் விலை பேசி லாரியில் ஏற்றிப் போனார்கள். அடுத்த வாரம் அப்பத்தா மதுரைக்கு வந்தபோது, பானெலம் என்ற இலவச வியூவரில் படத்தைப் போட்டு பிரவுசரில் திறந்து வைத்தேன். மவுஸை இழுத்தால் முற்றம் சுழலும். அப்பத்தா முதலில் வடக்குத் தூணைத்தான் பார்த்தார். ஒன்றுதான் நின்றது. அப்புறம் மவுஸைக் கையில் வாங்கிக்கொண்டார். இழுப்பதற்குச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் ஆனது. அடுப்படி, குலுக்கை, நிலைக்கதவு என்று ஒரு சுற்று சுற்றி முடித்துவிட்டு, "கொல்லைக் கதவைத் தெறந்து வச்சு எடுத்திருக்கலாம்ல, கெணறு தெரிஞ்சிருக்கும்" என்றார்.